பெயர் சூட்டாத வண்டு

அச்சேறாத கட்டுரையொன்று என்னிடம் இருக்கிறது. மஞ்சள் நிறக் கோப்பொன்றுக்குள் ஏழு தாள்கள். நீர்வண்டு ஒன்றின் உயிர்ச்சுவட்டைப் பற்றிய விபரணம் அது. முதல் தாளின் மேற்பகுதியில் 'புதிய இனம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறேன். அந்த இனத்துக்கு நான் தேர்ந்து வைத்திருந்த பெயர் என் உம்மாவின் பெயர்.

இருபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கோப்பை நான் திறக்கவில்லை. சென்ற மாதம் திறக்க வேண்டி வந்தது. நூல் வெளியீடொன்றில் பேசிய நண்பர் ஒருவர், "யாழ்ப்பாணத்தில் முஸ்லிம்கள் என்றொரு சமூகம் வாழ்ந்தது, அவர்களுக்கென்று தனியானதொரு பேச்சு வழக்கு இருந்தது" என்று சொல்லிக்கொண்டு போனார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். குரலில் உண்மையான கவலையும் இருந்தது. ஆனால் மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மாமாவின் மகன். அதுவரை நாங்கள் இருவரும் அந்தப் பேச்சு வழக்கிலேதான் குசுகுசுத்துக் கொண்டிருந்தோம். அவர் என் காதருகே குனிந்து, "எங்களத்தான் மச்சான் சொல்றார்" என்றார். இருவருக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவுதான் அலுமாரியின் மேற்தட்டிலிருந்து அந்தக் கோப்பைத் தேடி எடுத்தேன்.

வண்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டிய கதை அது.

2003ஆம் ஆண்டு, புலமைப்பரிசில் ஒன்றின் தயவால் முதுவிஞ்ஞானமாணிப் படிப்புக்கு இங்கிலாந்து போயிருந்தேன். விலங்கியல் படித்தவன் என்பதால் உயிருள்ள பூச்சிகளோடு வேலை கிடைக்கும் என்று நினைத்தேன். எனக்குத் தரப்பட்டதோ ஒரு பிளாஸ்ரிக் வாளி நிறையக் கரிய சேறு. மத்திய இங்கிலாந்தின் கிறவல் குழியொன்றின் அடியிலிருந்து வெட்டியெடுத்த சேறு. பனியுகத்தின் நடுவே, ஏறத்தாழ 40,000 ஆண்டுகளுக்கு முன்னர், அது ஓர் ஆழமில்லாத குட்டையின் அடித்தரையாக இருந்திருக்கிறது. அந்தக் குட்டையில் விழுந்த வண்டுகள் இன்னும் அதற்குள் இருக்கும், அவற்றைப் பிரித்தெடுத்து அடையாளம் காண்பதே உமது வேலை என்றார்கள்.

பிரித்தெடுக்கும் முறையைக் கேட்டால் வியப்படைவீர்கள். சேற்றை நீரில் கரைத்து மெல்லிய அரிதட்டில் கழுவ வேண்டும். அரிதட்டில் எஞ்சியதை ஒரு தொட்டியிலிட்டு மண்ணெண்ணெய் ஊற்றிக் கையால் பிசைய வேண்டும். பூச்சியின் ஓட்டில் எண்ணெய் ஒட்டிக்கொள்ளும். இலைச்சருகிலும் வேரிலும் அவ்வளவாக ஒட்டாது. எஞ்சிய எண்ணெயை வடித்துவிட்டுக் குளிர்ந்த நீரை ஊற்றிக் காத்திருந்தால், வண்டின் துண்டுகள் எண்ணெய்ப் படலத்தோடு மேலே மிதந்து வரும். அவற்றை வடித்தெடுத்து, சவர்க்கார நீரிலும் மதுசாரத்திலும் கழுவி, நுணுக்குக்காட்டியின் கீழ் ஒவ்வொன்றாகத் தூரிகை முனையால் பொறுக்க வேண்டும். அவ்வளவுதான். பெரிய இயந்திரம் எதுவுமில்லை.

மண்ணெண்ணெய் வாசனை எனக்குப் பழக்கமானது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னதன் பேரில், யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலிருந்து நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினைந்து வயது. அடுத்த வருடம் புத்தளத்தில், ஓலைக் கொட்டில் ஒன்றுக்குள், குப்பி விளக்கு வெளிச்சத்தில்தான் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்தேன். காலையில் மூக்கைத் துடைத்தால் கைலேஞ்சி கறுப்பாகும். இங்கிலாந்தின் ஆய்வுகூடத்தில் முதல் நாள் கையுறையைக் கழற்றி முகர்ந்தபோது அந்தக் கொட்டில் ஞாபகம் வந்தது. பக்கத்து மேசைப் பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் பொத்தவில்லை.

வண்டு இறந்ததும் அதன் மென்மையான பாகங்கள் அழுகிவிடும். ஓடு நிற்கும். தலை வேறு, முன்மார்புத் தகடு வேறு, சிறகுகளை மூடும் வன்மையான மேலோடு வேறு என்று துண்டு துண்டாகப் பிரிந்து சேற்றுக்குள் கிடக்கும். நாற்பதாயிரம் வருடங்களுக்குப் பிறகும் சில துண்டுகளில் பச்சையும் செம்பு நிறமுமான மினுமினுப்பு அப்படியே இருக்கும். கல்லாக மாறிய உயிர்ச்சுவடு அல்ல இது. அந்த வண்டு வாழ்ந்தபோது முதுகில் சுமந்த அதே ஓடு.

மூன்றாவது மாதம், ஒரு முன்மார்புத் தகடு கிடைத்தது. எள்ளு ஒன்றைவிடச் சிறியது. நீளவாட்டில் ஐந்து பள்ளக் கோடுகள் ஓடின. அவற்றுக்கு இடைப்பட்ட மேடுகளில் மணல் தூவியதுபோல நுண்ணிய குருமணிகள். ஐந்து கோடுகளைக் கண்டதுமே இது ஹெலோபோரஸ் என்ற சாதியைச் சேர்ந்தது என்று தெரிந்துவிட்டது. புல் முளைத்த குட்டைகளின் ஓரத்திலே வாழும் சிறு வண்டுகள் இவை. நீர்வண்டு என்று பெயரே தவிர, நன்றாக நீந்தத் தெரியாது. நீருக்கடியிலுள்ள புல்லிலும் பாசியிலும் ஊர்ந்து திரியும். மூச்செடுக்க வேண்டுமானால் மேலே வந்து, உணர்கொம்பால் நீரின் மேற்பரப்பைத் துளைத்துக் காற்றை உள்ளிழுக்கும்.

சாதி தெரிந்துவிட்டது, இனம் எது? பிரித்தானிய வண்டுகளுக்கான நூலில் ஒவ்வொரு ஹெலோபோரஸாக ஒப்பிட்டேன். பொருந்தவில்லை. குருமணிகளின் அமைப்பு வேறு. நடுவிலிருந்த பள்ளத்துக்கு இருபுறமும் உள்ள கோடுகளின் வளைவு வேறு. ஸ்கண்டினேவிய நாடுகளின் வண்டுகளுடன் ஒப்பிட்டேன். அதுவும் பொருந்தவில்லை. அந்த வாரத்திலேயே அதே சேற்றிலிருந்து அதே வகையான தகடுகள் இன்னும் நான்கும், தலையொன்றும், மேலோடுகள் சிலவும் கிடைத்தன. தலையின் நடுவே பள்ளம் அழகாக இரண்டாகப் பிரிந்து ஓடிற்று. இரவில் விடுதி அறைக்கு வந்து படுத்தாலும் கண்ணுக்குள் அந்தக் குருமணிகள்தான்.

பனியுகத்தோடு அழிந்துபோன ஓர் இனம். இதுவரை எவருமே கண்டிராத இனம். இந்த எண்ணம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு அதை வெளியேற்றுவது இலகுவல்ல.

விலங்குகளுக்குப் பெயர் சூட்டுவதற்குச் சர்வதேசச் சட்டக்கோவை ஒன்று இருக்கிறது. அதன் நான்காம் பதிப்பு 2000 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதை நான் பாடமாக்கினேன் என்றே சொல்லலாம். பெயர் இரண்டு சொல்லாக அமைய வேண்டும். முதலாவது சாதி, இரண்டாவது இனம். ஒரேயொரு மாதிரியைத் தேர்ந்து, இதுதான் இந்தப் பெயரைத் தாங்கும் மாதிரி என்று அறிவிக்க வேண்டும். மற்றைய இனங்களிலிருந்து எந்த அடையாளங்களால் வேறுபடுகிறது என்று சொல்ல வேண்டும். ஒரே இனத்துக்கு இரண்டு பெயர்கள் ஏற்பட்டால் முந்தியதே நிற்கும். ஒரு பெண்ணின் பெயரைச் சூட்டினால், அதன் முடிவில் பெண்பாலுக்குரிய இலத்தீன் விகுதி சேரும்.

இன்னொரு விதியும் இருந்தது. முதன்முதலில் அச்சான எழுத்துக்கூட்டல்தான் சரியான எழுத்துக்கூட்டல். வெளிப்படையான தவறு என்று நிறுவப்பட்டாலன்றி, பின்னால் வருபவர் எவரும் அதை மாற்ற முடியாது.

அந்த விதியில்தான் நான் விழுந்தேன். என் உம்மாவின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழில் ஒரு விதம். தேசிய அடையாள அட்டையில் ஓர் எழுத்துக் குறைவு. புத்தளத்தில் கொடுத்த நிவாரண அட்டையில் வேறு யாரோ ஒருவருடைய பெயர் போலவே இருக்கும். இடம்பெயர்ந்த முதல் வருடங்களில், வரிசையில் நின்று, மேசைக்குப் பின்னாலிருந்தவர் கூப்பிட்ட பெயர் தன்னுடையதுதானா என்று தெரியாமல் உம்மா தயங்கி நின்றதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை அப்படித் தயங்கியதால் வரிசையின் கடைசிக்கு அனுப்பப்பட்டார். அன்று அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தது நான்தான். வழி நெடுக உம்மா ஒன்றும் பேசவில்லை.

ஒரு தடவையாவது அந்தப் பெயர் சரியாக அச்சேற வேண்டும். பிறகு உலகில் எந்த எழுதுவினைஞரும் அதை மாற்ற முடியாதிருக்க வேண்டும். நான் நினைத்தது அவ்வளவுதான். விஞ்ஞானத்துக்கு இதில் பங்கில்லை என்பது இப்போது தெரிகிறது. அப்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

பொறுக்கமாட்டாமல் உம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"உம்மா, ஒரு வண்டுக்கு உங்கட பேர வைக்கப் போறன்."

"வண்டுக்கோ? வேற ஒண்டும் கிடைக்கல்லயாடா மகன்?"

"அது செத்து நாப்பதாயிரம் வருசம் உம்மா. ஒருத்தரும் கண்டதில்ல. நான்தான் முதல்ல கண்டது."

"இன்னாலில்லாஹி!" என்று சொல்லிவிட்டு உம்மா நிறுத்தாமல் சிரித்தார். "செத்ததுக்குப் போய் உசிரோட இருக்கிறவட பேர வைப்பாங்களா? சரி சரி, நீ சாப்பிட்டியா?"

அதன் பின்னர்தான் அந்த ஏழு தாள்களை எழுதினேன். எழுதும்போது ஒன்றைக் கண்டுகொண்டேன். விபரணம் எழுதுவதென்பது பார்ப்பதைக் கற்றுக்கொள்வது. 'குருமணிகள் உண்டு' என்று எழுதினால் போதாது. எத்தனை, எவ்வளவு இடைவெளி, நடுவில் நெருக்கமா ஓரத்தில் நெருக்கமா, ஒவ்வொன்றின் உச்சியும் மழுங்கியதா கூரியதா என்று எழுத வேண்டும். ஒரு வசனம் எழுத முப்பது தடவை கண்ணை வில்லையில் வைக்க வேண்டும். ஆதம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுக்கு எல்லாப் பொருட்களின் பெயர்களும் கற்றுக்கொடுக்கப்பட்டன என்று ஓதும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்த விடயத்தை நான் வேறு விதமாக விளங்கிக்கொண்டது அந்த நாட்களில். பெயரை அறிவதென்பது பொருளை முழுதாக அறிவது. நாவில் ஒரு சொல்லை வைத்துக்கொள்வது அதில் மிகச் சிறு பகுதி.

தாள்களைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அமைதியான மனிதர். ஒரு வாரம் வைத்திருந்து வாசித்தார். ஆங்காங்கே பென்சிலால் திருத்தியிருந்தார். 'புதிய இனம்' என்ற சொற்களை மட்டும் தொடவில்லை. "வியாழக்கிழமை லண்டன் போவோம். உமது துண்டுகளையும் எடுத்துக்கொள்ளும்" என்றார்.

லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலையில், சுற்றுலாப் பயணிகள் காணாத பின்புறத்தில், வண்டுகளுக்கென்றே பல தளங்களில் அலுமாரிகள் நிற்கின்றன. ஓர் இழுப்பறையைத் திறந்தால் ஊசியிலும் சிறு அட்டைகளிலும் வரிசை வரிசையாக வண்டுகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நகத்தளவு காகிதத்தில் ஊர், திகதி, பிடித்தவர் பெயர். பேராசிரியர் பிரித்தானிய இழுப்பறைகளைத் தாண்டிப் போனார். ஐரோப்பாவையும் தாண்டினார். வட ஆசியாவுக்குரிய இழுப்பறை ஒன்றை இழுத்து என் முன்னே வைத்துவிட்டு, "இதையும் பாரும்" என்று மட்டும் சொன்னார்.

சைபீரியாவிலிருந்து வந்த ஒரு சிறு வண்டு. நுணுக்குக்காட்டியின் கீழ் அதையும் என் தகட்டையும் அருகருகே வைத்தேன். ஐந்து பள்ளங்கள். குருமணிகள். இரு பக்கக் கோடுகளின் அந்த வளைவு. கண்ணை எடுத்தேன். மறுபடியும் வைத்தேன். என்னுடைய ஏழு தாள்களையும் நான் மனப்பாடமாக அறிவேன். அதிலிருந்த ஒவ்வொரு வசனத்தையும் அந்தச் சைபீரிய வண்டின் முதுகில் அப்படியே வாசிக்கலாம் போலிருந்தது. ஹெலோபோரஸ் ஒப்ஸ்க்யூரெல்லஸ். பின்லாந்தைச் சேர்ந்த பொப்பியஸ் என்ற பூச்சியியலாளர் 1907இலேயே பெயரிட்ட இனம். பனியுக இங்கிலாந்தின் சேறுகளில் அது கிடைப்பதும் புதுச் செய்தியல்ல. எனக்கு முந்தியவர்கள் பல தடவைகள் கண்டிருக்கிறார்கள்.

"உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று கேட்டேன்.

தெரியும் என்றார். முதல் நாளே சொல்லியிருந்தால் நீர் ஒரு பெயரைத்தான் கற்றிருப்பீர், இப்போது வண்டைக் கற்றிருக்கிறீர் என்றார். கோபம் வந்தது. அவர் உம்மாவின் பெயரைப் பற்றி ஒன்றும் அறியாதவர் என்பதால் கோபத்தைக் காட்ட முடியவில்லை. ரயிலில் திரும்பும்போது, என்னைத் தேற்றுவதற்காகப் போலும், லொம்னிட்ஸ்கியின் கதையைச் சொன்னார்.

இன்று உக்ரேனின் மேற்குப் பகுதியிலுள்ள பொரிஸ்லாவ், ஸ்டாருனியா என்னும் இடங்களில் மண்ணுக்கடியிலிருந்து மெழுகு வெட்டியெடுத்தார்கள். அந்த மெழுகும் எண்ணெயும் ஊறிய மண் எதையும் அழுகவிடாது. 1907இல் ஸ்டாருனியாவில் மம்மத் யானையொன்றின் எச்சங்களும் கம்பளி மயிர்க் காண்டாமிருகத்தின் எச்சங்களும் கிடைத்தன. 1929இல் கிடைத்த மற்றொரு காண்டாமிருகம் ஏறத்தாழ முழு உடலாகவே வந்தது. இத்தனை பெரிய விலங்குகள் அழிந்துபோனவை என்றால், அவற்றோடு கிடைக்கும் வண்டுகளும் அழிந்துபோனவையாகத்தானே இருக்க வேண்டும்? போலந்து அறிஞர் லொம்னிட்ஸ்கி அந்த மண்ணிலிருந்து வந்த ஹெலோபோரஸ் வண்டுகளை நேர்மையாக ஆராய்ந்தார். தான் அறிந்த ஐரோப்பிய வண்டுகளோடு ஒப்பிட்டார். பொருந்தாதவற்றுக்குப் புதிய பெயர்களைச் சூட்டினார். 1973இல் ரொபர்ட் அங்கஸ் என்ற ஆங்கிலேயர் அதே வண்டுகளைத் திரும்பவும் பார்த்து, சைபீரிய வண்டுகளோடு ஒப்பிட்டு, லொம்னிட்ஸ்கியின் இனங்களுக்கு மறு விளக்கம் எழுதினார். அழிந்துபோனதாகக் கருதப்பட்டவை கிழக்கே உயிரோடு இருந்தன.

அதே 1973இல் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ரஸல் கூப் இதைவிட வியப்பான ஒன்றை வெளியிட்டார். 1950களில் அப்டன் வாரன் என்ற இடத்துக் கிறவல் குழியில் வண்டுத் துண்டுகளைக் கண்டது முதல் இந்தத் துறையையே கட்டியெழுப்பியவர் அவர். இங்கிலாந்தின் பனியுகச் சேற்றில் தாராளமாகக் கிடைத்த ஒரு சாண வண்டு எதுவென்று அவருக்கு நெடுங்காலம் பிடிபடவில்லை. இறுதியில் அது இன்று திபெத்தின் உயர்ந்த மேட்டுநிலத்திலே வாழும் வண்டென்று தெரியவந்தது. பனியுகத்து வண்டுகளில் ஏறத்தாழ எல்லாமே இன்னும் எங்கோ உயிர் வாழ்கின்றன என்பதே கூப் தன் வாழ்நாள் முழுவதும் காட்டிய உண்மை. காலநிலை மாறும்போது அவை உருமாறவுமில்லை, பெருமளவில் அழியவுமில்லை. தமக்கு ஒத்துவரும் காலநிலை எங்கே போனதோ அங்கே அவை இருந்தன. பனியுகம் முடிந்து வெப்பம் திரும்பியபோது, மரங்கள் வந்து சேருமுன்னரே வெப்பத்தை விரும்பும் வண்டுகள் வந்து சேர்ந்துவிட்டன.

"ஒன்றைப் புதியது என்று சொல்வதற்கு முன் உலகத்தின் எல்லா இழுப்பறைகளையும் திறக்க வேண்டும். அழிந்தது என்று சொல்வதற்கும் அப்படித்தான்" என்றார் பேராசிரியர். ரயில் ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டிருந்தது. நான் 'அழிந்தது' என்ற சொல்லையே யோசித்துக்கொண்டு வந்தேன். என் தாள்களில் அதை எத்தனை இடங்களில் எழுதியிருந்தேன்! எந்த ஆதாரத்தில் எழுதினேன்? நான் தேடிய இடங்களில் அது இல்லை. அவ்வளவுதான். இல்லாமை என்று நான் எழுதியது உண்மையில் என் தேடலின் எல்லை.

உம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு வாரம் தள்ளிப்போட்டுவிட்டு எடுத்தேன்.

"உம்மா, அந்த வண்டுக்கு உங்கட பேர வைக்க ஏலாது. அதுக்கு முந்தியே பேர் இருக்காம். அது சாகவுமில்ல. சைபீரியா எண்டொரு இடத்தில உசிரோட இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் உம்மா. ஏதோ நோயிலிருந்து எழும்பிய உறவினர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டதுபோல. பிறகு கேட்டார்:

"அப்ப இங்கிலாந்த விட்டுப் போயிட்டுதா?"

"ஓம் உம்மா. அங்க குளிர் குறைஞ்சதும் இல்லாமப் போச்சு."

"ஆரும் துரத்தல்லயே?"

"இல்ல உம்மா."

சற்று நேரம் மறுமுனையில் சத்தமில்லை. அட்டையில் காசு தீர்ந்துகொண்டிருந்தது.

"அந்த இடம் அதுக்குப் பழகிட்டுதாமா மகன்?" என்று கேட்டார்.

நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகமில்லை. விலங்கியலில் அதற்கு விடை உண்டு. வண்டு மூட்டை கட்டிக்கொண்டு ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போவதில்லை. மேற்கே இருந்தவை சந்ததி சந்ததியாகக் குறைந்து இல்லாமல் போயின. கிழக்கே இருந்தவை நிலைத்தன. அதற்கு அந்த இடம் பழக வேண்டிய தேவையே இருக்கவில்லை. எங்களுடைய கதை அப்படியல்ல. எங்களை வெளியேற்றியது காலநிலையல்ல. ஒலிபெருக்கியில் வந்த அறிவித்தலும் துப்பாக்கியும். அதனால் வண்டையும் எங்களையும் ஒரே தராசில் வைக்க நான் துணியமாட்டேன். ஆனால் உம்மாவின் கேள்வி வண்டைப் பற்றியதல்ல என்பதை அப்போதே நான் விளங்கியிருக்க வேண்டும். அவர் புத்தளத்துக்கு வந்து அப்போது பதின்மூன்று வருடங்கள் ஆகியிருந்தன.

உண்மையிலேயே அழிந்துபோனவையும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையற்றவனாவேன். 1928இல் சீன அறிஞர் பிங், கொப்டோக்ளாவா என்ற நீர்வண்டை விபரித்தார். டைனோசோர்கள் உலவிய காலத்து ஏரிகளில் இரையைப் பற்றிப்பிடிக்கும் முன்கால்களோடு வாழ்ந்த வேட்டை வண்டு. அந்தக் குடும்பத்தில் ஓர் இனமும் இன்று இல்லை. அதற்கு இறந்தகாலம்தான் சரி. அங்கே இறந்தகாலத்தை எழுதுவதற்கு, உலகத்து நீர்வண்டுக் குடும்பங்கள் அனைத்தையும் பார்த்து முடித்த உரிமை அறிஞர்களுக்கு இருக்கிறது.

மறுபக்கத்தில் இன்னொரு செய்தி. 2011இல் ஃபிகாச்செக், ப்ரோகின், அங்கஸ் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையொன்றை வாசித்தேன். சைபீரியாவின் கார்த்தாஷெவோ என்ற இடத்தில், முந்தைய மயோசீன் காலத்துப் படிவுகளில் ஒரு ஹெலோபோரஸ் கிடைத்திருந்தது. மயோசீன் என்றால் ஆயிரமல்ல, ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கும் முந்திய காலம். அவ்வளவு பழையதற்குப் புதுப் பெயர் சூட்டினால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். அவர்கள் அதை இன்றைய வண்டுகளோடு ஒவ்வொரு அடையாளமாக ஒப்பிட்டுவிட்டு, இது இன்றும் வாழும் ஹெலோபோரஸ் சிபிரிக்கஸ்தான் என்று எழுதினார்கள். ஒரு புதிய பெயரைக் கைவிட்டார்கள். நான் ரயிலில் கோபித்துக்கொண்டு செய்ததை அவர்கள் விரும்பிச் செய்திருந்தார்கள். அந்தக் கட்டுரையை வாசித்த இரவில் என் ஏழு தாள்களின் மீதிருந்த மனக்கசப்பு பெரும்பாலும் போய்விட்டது.

உம்மா மௌத்தாகி ஆறு வருடங்களாகின்றன. யுத்தம் முடிந்த பிறகு இரண்டு தடவைகள் சோனகத் தெருவுக்குக் கூட்டிப்போனோம். முதல் தடவை, கூரையில்லாத எங்கள் வீட்டுக்குள் நின்று கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீருக்கு மேல் ஏதோ சிறு பூச்சிகள் வட்டமிட்டுக் கொண்டிருந்தன. "இதுக்குப் பேர் என்ன மகன்?" என்று கேட்டார். சொன்னேன். "இது போகல்ல" என்றார். இறுதியில் புத்தளத்து மையவாடியிலேதான் அடங்கினார். எங்கள் வழக்கப்படி மீஸான் கட்டை மட்டும் நட்டிருக்கிறோம். அதில் பெயர் எழுதவில்லை. யாரும் எழுத்துப் பிழையாக எழுத இனி இடமில்லை.

சென்ற மாதம் கோப்பைத் திறந்த இரவில், முதல் தாளிலிருந்த 'புதிய இனம்' என்பதைச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அதன் பக்கத்தில் வண்டின் சரியான பெயரை எழுதினேன். 'அழிந்துபோனது' என்று எழுதியிருந்த இடங்களைத் தேடினேன். ஐந்து இடங்கள். ஒவ்வொன்றாக வெட்டி 'வாழ்கிறது' என்று எழுதினேன். இருபது வருடம் பிந்திய திருத்தம். அதை யாரும் வாசிக்கப்போவதில்லை.

மறுநாள் காலை அந்த நண்பருக்குத் தொலைபேசி எடுத்தேன். அன்றைய உரையைக் கட்டுரையாக்கி ஒரு தொகுப்புக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். "அதில் 'வாழ்ந்தது' என்று வரும் இடங்களைக் கொஞ்சம் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். அவருக்கு உடனே விளங்கவில்லை. ஏன் என்று கேட்டார்.

"நான் பேசிக்கொண்டிருக்கிறேனே" என்றேன்.